டிவியைப் படம் பிடித்த காலம்

போன மாசம் பரண் மேல் கிடந்த பழைய நெகடிவ் கவர்களை இறக்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். தங்கமணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி புள்ளைங்கள படம் புடிப்பாங்க. நீங்க என்ன, டிவிப் பொட்டிய புடிச்சு வச்சிருக்கீங்க?" என்றார். உண்மைதான். 1983, 84 என்று எழுதியிருந்த கவர்களில் பாதிக்கு மேல் டிவித் திரை. செய்தி வாசிப்பவர்கள், தலைவர்கள், ராக்கெட், மறுபடியும் செய்தி வாசிப்பவர்கள்.

இப்போது யாரிடமாவது இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து கேமராப் பைத்தியங்கள் பலரும் இதைச் செய்தவர்கள்தான். டிவி பார்ப்பதில் எங்களுக்கென்று தனி ரசனை, தனிப் பழக்கம் இருந்தது. அது எப்படி வந்தது, எங்கே கொண்டு போய் விட்டது என்று ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். எனவே கொசுவர்த்தி கொஞ்சம் நிறையவே சுற்றும். பொறுத்துக்கொள்ளவும்.

நான் வேலை கிடைத்து தில்லிக்கு வந்தது 1981ல். தெற்கு தில்லியில் அரசுக் குடியிருப்பு. அப்பா இல்லாததால் கும்பகோணத்திலிருந்து அம்மாவையும் அழைத்து வந்துவிட்டேன். தில்லி டிவியில் நம் ஊரை விட மூத்தது. 1959 செப்டம்பர் 15ல் இங்கே சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பம்பாய்க்கு 1972ல்தான் நிலையம் வந்தது, சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15ல். அதனால் நான் கும்பகோணத்தில் டிவியையே பார்க்காமல் வளர்ந்து, இங்கே வந்து நேராக தூர்தர்ஷனின் பொற்காலத்தில் விழுந்தேன். 1982ல் தேசிய நிகழ்ச்சியும் கலரும் வந்தன. நவம்பரில் ஆசிய விளையாட்டு. எங்கள் அலுவலகத்தில் முகர்ஜி தாதா மட்டும் கலர் டிவி வாங்கினார். நான் கருப்பு வெள்ளை வெஸ்டன் வாங்கினேன். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவு.

கேமராவும் அதே வருஷம். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்று ஒரு சந்து. கேமராக் கடைகளுக்கென்றே பேர்போனது. அங்கே பழைய ஜெனிட் ஒன்று வாங்கினேன். ரஷ்யக் கேமரா, கையில் எடுத்தால் அம்மிக்குழவி மாதிரி கனம். பிலிம் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ, இல்லாவிட்டால் நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து'. அந்த மஞ்சள் பல்பு தில்லியில் 'ஊட்டி' என்ற பெயரைப் பார்க்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது புரியும்.

அலுவலகத்தில் நாங்கள் ஆறேழு பேர். முகர்ஜி தாதா, நாயர், பஞ்சாபி ஒருவர், நான் என்று ஒரு கோஷ்டி. வீட்டில் டிவி, கையில் கேமரா. இரண்டையும் சேர்க்காமல் இருக்க முடியுமா?

சேர்த்த முதல் ரோலிலேயே அடி விழுந்தது. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் திரையில் பாதி படம், பாதி கருப்பு. அதுவும் கோணலாக, யாரோ சாய்த்து மை பூசின மாதிரி ஒரு பட்டை. காரணத்தை முகர்ஜி தாதா விளக்கினார். டிவியில் முழுப் படம் என்று ஒன்று எந்த நொடியிலும் கிடையாது. 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு தவணையாக, முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். ஒரு தவணைக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கண் மெத்தனமானது, எல்லாவற்றையும் ஒட்டவைத்து முழுசாகக் காட்டிவிடும். கேமராவுக்கு அந்தக் கருணை இல்லை. ஷட்டரை 60ல் ஒரு பங்குக்குத் திறந்தால், ஒரு தவணைகூட முடியாமல் கருப்புப் பட்டை விழும். 30ல் வைத்தாலும் ஒரு படம் முழுசாக முடியாது, வெளிச்சத்தில் பட்டை தெரியும். ஜெனிட்டின் ஷட்டர் திரை பக்கவாட்டில் ஓடும், டிவியின் கோடு மேலிருந்து கீழே வரும். இரண்டும் சேர்ந்து பட்டை சாய்ந்துவிட்டது.

வழி என்ன? 15ல், அல்லது அதைவிட நல்லது 8ல் ஒரு பங்கு நொடிக்குத் திறக்க வேண்டும். ஆனால் ஜெனிட்டின் மிக மெதுவான வேகமே 30தான். அதற்குக் கீழே 'பி' என்று ஒன்று. பொத்தானை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். ஆகவே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டிவியின் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, கேபிளை 'டக்' என்று தட்டி விடுவேன். 125 ஏஎஸ்ஏ பிலிமுக்கு எஃப் 2.8க்கும் 4க்கும் நடுவே. விரல் கொஞ்சம் தாமதித்தால் எல்லாம் வெளுத்துப்போகும். முகர்ஜி தாதாவிடம் யாஷிகா எலக்ட்ரோ. அதுவே இருட்டைப் பார்த்து வேகத்தைத் தீர்மானித்துக்கொள்ளும். அவர் படங்கள் சுத்தமாக வந்தன. எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் டிவி ரசனையைத் தீர்மானித்தது நாங்கள் இல்லை, அந்த ஷட்டர்தான். அசைந்தால் படம் கலங்கும். எனவே ஊரே வாய் பிளந்து பார்த்த சித்ரஹார் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை, ஆடுகிறவர்கள் எல்லாம் புகையாக வருவார்கள். கிரிக்கெட்டில் பௌலர் ஓடி வரும்போது தொடமாட்டோம், அவர் திரும்பி நடக்கும்போதுதான். செய்தி வாசிப்பவர்கள் எங்களுக்குக் கிடைத்த வரம். சல்மா சுல்தான் காதோரம் ரோஜாவுடன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கியது. நாடே கதைக்காகப் பார்த்தது. நாங்கள் காத்திருந்தது கடைசி நிமிடத்துக்கு. அசோக் குமார் வந்து நின்று நிதானமாக நாலு வார்த்தை பேசுவார் இல்லையா, அதற்கு. அம்மா கேட்பார், "கதை முடிஞ்சப்புறம் என்னடா படம் புடிக்கறே?"

ஏன் இத்தனை பாடு? அப்போது எங்களிடம் ஒரு கர்வம் இருந்தது. டிவி ஓடிப்போய்விடும், போட்டோ நிற்கும் என்று. வீடியோ டேப் விலை அதிகம் என்பதால் நிலையங்களே பழைய டேப்பின் மேல் புதிதைப் பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கட்சிக்கு 1983ல் பெரிய சாட்சியும் கிடைத்தது. உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எல்லோரும் டிவியில் பார்த்தோம். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால், ஜூன் 18ல், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையிலிருந்து கபில் தேவ் 175 அடித்தாரே, அதற்கு டிவிப் பதிவே கிடையாது. அங்கே கேமராவுடன் இருந்தவர்கள் எடுத்த சில ஸ்டில்கள்தான் இன்று வரை மிச்சம். நாயர் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். "டிவி போகாத இடத்துக்குப் போறவன்தான் போட்டோகிராபர்." இது எங்கள் கோஷ்டியின் வேதவாக்கு ஆகிவிட்டது.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து இந்திரா காந்தியுடன் பேசியபோது எட்டு ஃபிரேம் எடுத்தேன். அதில் இரண்டு அருமையாக வந்தன. அலுவலகத்தில் பத்து பேர் பிரிண்ட் கேட்டு வாங்கிப்போனார்கள்.

அப்புறம் அக்டோபர் 31, புதன்கிழமை. காலையில் பிரதமர் சுடப்பட்டார். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தூர்தர்ஷன் மாலையில்தான் சொன்னது. சல்மா சுல்தான்தான் வாசித்தார். நான் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினேன். அடுத்த மூன்று நாள் அதைக் கழற்றவில்லை.

தீன்மூர்த்தி பவனில் உடலை வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக ஜனம். டிவி நாள் முழுக்க அதையே காட்டியது. கூட்டம் பழிவாங்கக் கேட்டுக் கத்துவதும் அதில் கேட்டது. எங்கள் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மூலையில் டாக்ஸி ஸ்டாண்ட். அதை நடத்தியவர்கள் சர்தார்ஜிகள். 1ம் தேதி காலையில் அது எரிந்தது. புகை எங்கள் மொட்டைமாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. தூரத்தில் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் புகை. டிவியில் அது எதுவும் இல்லை.

மாடி வீட்டில் ஒரு சர்தார்ஜி குடும்பம். அவர், அவர் மனைவி, ஆறு வயசுப் பெண். அன்று இரவே அம்மா மேலே போய் மூவரையும் கீழே அழைத்து வந்துவிட்டார். அம்மாவுக்கு இந்தி சரியாக வராது. "ஆவோ, ஆவோ" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடியற்காலையில் அம்மாவின் தையல் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, குளியலறைக்குப் போய், சர்தார்ஜி தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது தலையில் துண்டைப் போர்த்தியிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா காப்பி கொடுத்தார். வாசல் கதவைத் தாழிட்டு, உள்ளே எல்லோரும் டிவி பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதைவிட, வெளிச் சத்தம் கேட்காமல் இருக்க அதை ஓடவிட்டிருந்தோம் என்பதுதான் சரி.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரையைத்தான். 36 ஃபிரேமில் 35 தீன்மூர்த்தியும் இறுதி ஊர்வலமும். தேசம் முழுக்க எல்லா வீட்டிலும் தெரிந்த அதே படம். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புகையை ஒரு ஃபிரேம்கூட எடுக்கவில்லை. பயம் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. சரித்திரம் அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது என்று நிஜமாகவே நம்பினேன். தில்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர் என்று பின்னால் அரசே கணக்கு சொன்னது. அந்த நாட்களுக்கு இன்று சாட்சி, துணிந்து வெளியே போன சில பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுத்தவைதான். டிவி போகாத இடத்துக்குப் போகிறவன்தான் போட்டோகிராபர் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த இடம் என் வீட்டுப் பின்ஜன்னலில் இருந்தது. என் கேமரா எதிர்த் திசையில் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு நான் திரையைப் படம் பிடிக்கவில்லை. கோஷ்டியிலும் அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. பேசி முடிவு செய்யவில்லை, விட்டுப்போயிற்று.

1987 ஜனவரியில் ராமாயணம் வந்தது. ஞாயிறு காலையில் தெருவில் ஈ, காக்கா கிடையாது. கோஷ்டியில் யாரோ ஒருவர் சொல்ல, நாங்கள் அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினோம். வண்டி இல்லாத சாலை, ஆளில்லாத பஸ் ஸ்டாப், ஷட்டர் இறக்கிய கடைகள். ஒரு கடை வாசலில் நாற்பது பேர் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவிக்கு மாலை, ஊதுவத்தி. நான் முதல்முறையாக டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஜனங்களின் பக்கம் கேமராவைத் திருப்பினேன். திரையின் நீல வெளிச்சம் முகங்களில் விழுந்திருந்தது. ஒரு பாட்டி கைகூப்பியபடி அழுதுகொண்டிருந்தார். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் என்று பத்தைச் சொல்லச் சொன்னால் அதில் இரண்டு அந்தக் காலையில் எடுத்தவை.

டிவி பார்க்கும் விதமும் மாறியது. முகர்ஜி தாதா எங்களுக்கு ஒளிப்பதிவாளரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர்தான் சொன்னார், சத்யஜித் ரே தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி'யைக் கதைக்கு ஒரு தடவை, சௌமேந்து ராயின் ஒளிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. 1988ல் ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடங்கியது, 53 பகுதிகள். ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. மைசூர்க்காரர். 'காகஸ் கே பூல்' படத்தில் சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி ஸ்டூடியோவுக்குள் தூணாக இறக்கியவர். பின்னாளில் 2008ம் ஆண்டுக்கான பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல்முறை. நாங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "விளக்கு எங்கே வச்சிருக்கார்? ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று வாதம் செய்துகொண்டு பார்ப்போம். வீட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அதே வருஷம் ஜனவரியில் 'தமஸ்'. பிரிவினைக் கலவரத்தைப் பற்றியது. இயக்கம் கோவிந்த் நிஹலானி. அவர் வி.கே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தவர். எங்கள் வீட்டில் கூடி, இருட்டில் தீப்பந்த வெளிச்சம் எப்படி எடுத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டிருந்தோம். முதல் நாள் மாடி வீட்டு பாபிஜி கீழே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார். அப்புறம் 'தமஸ்' ஓடிய எந்த இரவிலும் அவர் வரவில்லை. அம்மா எங்களைப் பார்த்து, "வெளிச்சம் வெளிச்சம்னு பேசறேளே, அவ மூஞ்சியப் பாத்தேளாடா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1991ல் வளைகுடாப் போரோடு செயற்கைக்கோள் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி தொடங்கியது. இங்கே தமிழ் கேட்க ஞாயிறு மதிய மாநில மொழிப் படங்களில் தமிழின் முறைக்குக் காத்திருந்த எங்களுக்கு அது திருவிழா. 1995ல் டிஸ்கவரி, 1998ல் நேஷனல் ஜியோகிராபிக். கேமராக்காரர்கள் ஒட்டுமொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். புலியையும் பறவையையும் டிவியில் பார்த்துவிட்டு நீள லென்ஸ் வாங்கிக்கொண்டு பரத்பூருக்கு ஓடினோம். சைபீரியக் கொக்கை நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. 2002க்குப் பிறகு அவை அங்கே வரவில்லை. 2000 வாக்கில் சன் டிவியில் பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' வந்தபோது பழைய பழக்கத்தில் சத்தத்தைக் குறைக்கப் போனேன். தமிழைக் கேட்கும் ஆசையில் முடியவில்லை :-)

இன்று டிவியைப் படம் பிடிக்க ஸ்டாண்டும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். போனில் இரண்டு பொத்தானை அமுக்கினால் போதும். ஓடிப்போய்விடும் என்ற பயமும் இல்லை, எல்லாம் எங்கோ சேமிப்பில் இருக்கிறது. என் பையன் நல்ல கேமரா வைத்திருக்கிறான். ஆனால் ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் போனைத்தான் பார்க்கிறான். ஜன்னலை அப்புறம்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த ரோலில் 35 போக ஒன்று மிச்சம் சொன்னேனே. அது நவம்பர் 3, இறுதி ஊர்வலத்தின் நடுவில். கேபிளை அமுக்கிய அதே நொடியில் கரண்ட் போய்விட்டது. டிவி அணைந்தது. இருட்டுக்குப் பயந்து குழந்தை வீறிட, அம்மா எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். நான் திகைப்பில் விரலை எடுக்க மறந்து நாலைந்து நொடி அமுக்கியபடியே இருந்திருக்கிறேன். நெகடிவில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வீணாய்ப்போன ஃபிரேம் என்று இத்தனை வருஷம் பிரிண்ட் போட்டதே இல்லை.

போன மாசம் ஸ்கேனரில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். அணைந்த டிவியின் கண்ணாடியில் எங்கள் அறை தெரிந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்திருக்கும் நான். ஜன்னல் பக்கம் அம்மா. தரையில் பாபிஜி, மடியில் குழந்தை. சுவரில் சாய்ந்து, தலையில் துண்டுடன் சர்தார்ஜி.

அம்மா காலமாகி வெகு வருஷமாகிவிட்டது. சர்தார்ஜியும் இல்லை. அந்தப் பெண் இப்போது லூதியானாவில் ஆசிரியை. எப்போதாவது பேசுவோம். அந்தக் கோலத்தில் அவள் அப்பாவைக் காட்டலாமா, கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் போன் செய்து, இப்படி ஒன்று இருக்கிறது, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள், "அம்மாஜியும் அதுல இருக்காங்களா, அங்கிள்?"

இருக்காங்க என்றேன். அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய நெகடிவ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நன்றாக வந்ததை நாம் எல்லோரும் பார்த்தாயிற்று. வீணாய்ப்போனது என்று ஒதுக்கியதை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.